அப்பம் பிட்க இன்னொருவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்திலிருந்து ஏழுமலை போன் செய்தார். "அக்கா இன்னும் வந்து சேரலியே. போன் அட்சா எடுக்க மாட்டேன்றாங்க. கொஞ்சம் வூட்டாண்ட போய்ப் பார்க்கிறியா?" என்றார்.

ஜெயமணி அக்கா பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள் அல்ல. அரை மணி முன்னதாகவே போய் நின்றுகொண்டு, நேரத்துக்கு வராத பஸ்ஸைத் திட்டுகிறவர். செம்பாக்கத்தில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்த தெருக்கள். மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்தபோது அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புடவை கட்டி, தலை வாரி, செருப்புகூடப் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் துணிப்பை. பைக்குள் வெள்ளைத் துண்டில் சுற்றிய அப்பம். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆயுள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்தவள் நான். தொட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் கையைத் தொட்டேன். வெகுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலைக்குப் போன் செய்து சொன்னேன். "அப்பம்?" என்று கேட்டார்.

"பையில இருக்கு."

"பிட்காம கீதா?"

"பிட்காமத்தான் இருக்கு."

"அப்டியே வை. தோ வர்றேன்."

ஒருவர் இறந்துபோன செய்தியைக் கேட்டவுடன் இன்னொருவர் ஏன் அப்பத்தைப் பற்றி விசாரிக்கிறார் என்பது, அக்காவை அறியாதவர்களுக்குப் புரியாது. அவரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் இன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்காகவும் இதை எழுதுகிறேன். வேறு யார் எழுதப் போகிறார்கள்?

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் அவர் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். நான் வார்டில் நர்ஸ். "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. இப்ப விடலாம்" என்று அவர் சொல்கிற குரல் நடைபாதையின் மறுகோடி வரை கேட்கும். வலியில் கத்திக்கொண்டு வருகிறவர்கள்கூட அந்தக் குரலுக்கு அடங்கி மூச்சைப் பிடிப்பார்கள். எங்களுக்குள் கேலியாக அவருக்கு "இப்ப விடலாம் அக்கா" என்று பெயர். அவருக்கும் அது தெரியும். கேன்டீனில் நான் அதிகமாக வம்பு பேசினால், "வசந்தா, மூச்சைப் பிடி. நான் சொல்லும்போது விடலாம்" என்று திருப்பிக் கொடுப்பார்.

அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன் அச்சகத்தில் வேலை பார்த்தார். இருவரும் ஒரு சின்னஞ்சிறு கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கோயில் கட்டடம் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது, போதகர் கிடையாது. சேலையூரில் ஒருவர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். எதை முடிவு செய்வதாக இருந்தாலும் ஓட்டெடுப்பு, கையெழுத்து எதுவும் இல்லை. சம்மதம் உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அக்கம்பக்கத்தில் அவர்களை "நிக்கிற சபை" என்பார்கள்.

அவர்களுடைய வழிபாட்டின் உயிர் அந்த அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துத் தோசைக்கல்லில் சுடுகிற ஒரே ஒரு தடித்த ரொட்டி. அதைப் பிட்டு எல்லோரும் உண்பார்கள். தனியாக ஒருவர் அதைப் பிட்கக் கூடாது. குறைந்தது இரண்டு பேராவது ஒரே அறையில் இருக்க வேண்டும். மிச்சம் வைக்கவும் கூடாது, எறியவும் கூடாது. மிஞ்சியதை யாருக்காவது அன்றே கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் அந்த அப்பத்தைச் சுடும் பொறுப்பு ஜெயமணி அக்காவுக்கும் அவருடைய தோழி ரோஸ் அக்காவுக்கும்.

மிஞ்சியது எனக்கு வரும். முதல் தடவை என்ன ஏது என்று கேட்காமல் ஆவக்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டேன். பிறகுதான் அது என்ன அப்பம் என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ அக்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் ஊறுகாயோட இல்ல தின்னுட்டேன்!" என்று பதறினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு வர்றப்ப அது வெறும் ரொட்டிதான். நல்லா இருந்துச்சா, அதைச் சொல்லு" என்றார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றாலே நான் ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். அம்மன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

நியூசிலாந்தில் இவர்களைப் போலவே நம்புகிற ஒரு கூட்டம், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே சேர்ந்து வாழ்ந்து வந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் கடைசிக் காலத்தில் சிதறிக் கிடக்கக் கூடாது, ஓரிடத்தில் கூட வேண்டும் என்று அவர்கள் அழைத்தார்கள். தோட்டத்திலும் முதியோர் இல்லத்திலும் வேலைக்கு ஏற்பாடாயிற்று. இங்கே மூப்பராக இருந்த தியோடர் ஐயா, "வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். சாமுவேல் அண்ணன் அப்போது பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். அவருக்கும் சேர்த்து அக்கா எழுந்து நின்றார்.

ஒருவர் மட்டும் எழவில்லை. அவர்தான் ஏழுமலை. கோவளத்து மீனவர். சபைக்கு வந்த பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அன்று அவர் சொன்னதை அக்கா பலமுறை எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறார்: "ஐயா, நான் தெனம் கடலுக்குப் போறவன். போறதே திரும்பி வர்றதுக்குத்தான். திரும்பி வராத போக்கு எனக்குத் தெரியாது. நான் குந்திக்கிறேன்."

எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பவர் மனம் திரும்பி எழுகிற வரை அவரோடு அப்பம் பிட்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. மீறிப் பிட்பவரும் அதே நிலைக்கு வந்துவிடுவார். தியோடர் ஐயா விதியைச் சொன்னார். ஏழுமலை தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ரோஸ் அக்கா கணவரை இழந்தவர், தனியாகத்தான் போனார். அவரை வழியனுப்ப மீனம்பாக்கத்துக்கு நானும் போயிருந்தேன். எனக்கு அன்று ஒரே எரிச்சல். யாரும் "போயிட்டு வரோம்" என்று சொல்லவில்லை. "முன்னே போறோம்" என்றார்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் வாயில் வரக் கூடாத சொல் அது. நான் அக்காவிடம் காதோடு சொன்னேன். "திரும்பி வரப் போறதில்ல வசந்தா, பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். ரோஸ் அக்காவும் அவரும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது.

படுக்கையில் கிடந்த கணவரோடு அக்கா இங்கேயே இருந்தார். இரண்டு பேர் இருந்தார்கள். அப்பத்துக்கு அது போதும். கட்டிலோரத்தில் பலகையைப் போட்டு, பிட்டு, தண்ணீரில் நனைத்து அவர் வாயில் ஊட்டுவார். அந்த முகத்தில் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதியில் தெரிந்த நிறைவை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் இறந்து தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோதுதான் அவர்களுடைய இன்னொரு வழக்கத்தைப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் தரையில் உட்கார வேண்டும். இறந்தவரோடு ஒரே அப்பத்தை உண்டவர்கள் மட்டும், குழி மூடும்வரை நிற்க வேண்டும். அன்று அங்கே நின்றவர் அக்கா ஒருவர்தான். என் போன் திரையில், கடலுக்கு அந்தப் பக்கம், எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏழுமலையும் வந்திருந்தார். விலக்கப்பட்டவர் நிற்கவும் கூடாது, அவருக்காக மற்றவர்கள் நிற்கவும் கூடாதாம். தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே இருந்தார்.

அடுத்த ஞாயிறு மதியம் அக்கா வெறுங்கையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"ரொட்டி எங்கே?" என்று கேட்டேன்.

"ஒருத்தி எப்படிப் பிட்கிறது?"

"நான் வந்து கூட உட்கார்றேன் அக்கா. எனக்கு என்ன வேலை?"

"நீ உட்கார்ந்தா சாட்சி. கூட உண்கிற ஆள் ஆக மாட்டே." இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கணவர் இறந்தபோதுகூட நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

போனில் பார்த்துக்கொண்டே பிட்கலாமா என்று தியோடர் ஐயாவிடம் கேட்டார். ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. "நீங்கள் வந்துவிடுங்கள்" என்றும் சொன்னார்கள். அக்காவுக்கும் அதுதான் ஆசை. ஞாயிறு வந்தால் சாப்பிடவே மாட்டார். உடம்பு இளைத்துக்கொண்டே போயிற்று. பயண ஏற்பாடுகள் முடிந்ததும் பாத்திரங்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். தோசைக்கல்லை எனக்குக் கொடுத்தார். அண்ணன் போனதற்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த வாரங்களில்தான்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, "ஏழுமலையைப் பார்த்துட்டு வந்துடலாம், துணைக்கு வா" என்றார். கேளம்பாக்கம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிக் கோவளத்தில் இறங்கினோம். ஏழுமலையின் மனைவி சபைக்கு வருகிறவர் அல்ல. மீன் விற்கப் போயிருந்தார். ஏழுமலை எங்களை உள்ளே உட்காரவைத்து டீ வாங்கி வந்தார்.

"கெளம்பிட்டியாமே அக்கா. நல்லது. ரோசக்கா அங்க கீறாங்க, உனுக்குத் துணை."

அக்கா அலமாரியில் துணி போட்டு மூடியிருந்த ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்ன ஏழுமலை?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெயமதானே? அப்பம்."

"யாரோட பிட்கிற?"

"யாரும் இல்லியே. சுட்டு வச்சிட்டு, எதிர்ல குந்திகினு ஜெபம் பண்ணுவேன். தொடமாட்டேன். ஐயா சொல்ட்டாரு இல்ல? சாயங்காலம் பொண்டாட்டி வந்தா மீன் கொழம்புல தொட்டுத் துன்னுடும்."

"எல்லாரும் போனதுலேர்ந்தா?"

"வேற இன்னாக்கா பண்றது?"

அக்கா டீயைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். "பலகை இருந்தா எடு" என்றார்.

ஏழுமலை பதறிப் போனார். "அக்கா, வேணாம். நீ இதப் பண்ணா அங்க உன்னச் சேத்துக்க மாட்டாங்க."

"தெரியும்."

"டிக்கெட்லாம் எடுத்துட்டு... இன்னாக்கா இது?"

"கூடச் சாப்பிட ஆள் இல்லன்னு நான் கடல் தாண்டிப் போறேன். நீ இங்க பஸ் போற தூரத்துல அப்பத்தை வச்சுக்கிட்டு ஆள் இல்லாம உட்கார்ந்திருக்க. நான் போயிட்டா நீ கடைசி வரைக்கும் ஒத்தை ஆள்தான். பலகையை எடு ஏழுமலை."

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அக்கா அப்பத்தைக் கையில் எடுத்துக் கண்ணை மூடி நன்றி சொன்னார், பிட்டார், ஒரு துண்டை ஏழுமலையிடம் நீட்டினார். உப்புக் காற்றில் வெடித்துக் கறுத்த கையில் அவர் அதை வாங்கினார். வாயில் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அக்கா அழவில்லை. பசியோடு இருந்தவர் சாப்பிடுகிற மாதிரி, மெதுவாக, ஒரு துகள் விடாமல் சாப்பிட்டார்.

மறைத்து வைத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பஸ் நிறுத்தத்தில் நான் அதைத்தான் சொன்னேன். அவர் அங்கேயே நின்று தியோடர் ஐயாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "அப்படின்னா இங்க வந்தாலும் நீங்க எங்களோட உட்கார முடியாதும்மா."

"தெரியும் ஐயா. நான் வரல."

பஸ்ஸில் நான் அவரை விட்டு விளாசினேன். பைத்தியமா உங்களுக்கு, இத்தனை நாள் ஏங்கினது இதற்குத்தானா என்று. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா அழுதுட்டார் வசந்தா. பாவம், அவரால விதியை மீற முடியாது" என்றார். சிறிது நேரம் கழித்து, "தோசைக்கல்லைத் திருப்பிக் கொடுத்துடு. கொடுத்ததைக் கேக்கறேன்னு நினைச்சுக்காத" என்றார். நான் கோபத்தை மறந்து சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வருவது நின்றது. ரோஸ் அக்காவும் பேசவில்லை. அது அக்காவுக்குப் பெரிய அடி. ரோஸ் அக்கா முன்பு அனுப்பிய ஒரு படம், ஆப்பிள் கூடையோடு நிற்பது, அவர் போனில் இருந்தது. சும்மா இருக்கும்போது அதை எடுத்துப் பார்ப்பார். "எவ்வளவு இளைச்சுட்டா பாரு" என்பார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருக்குப் பதில் நான்தான் எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறுதோறும் கோவளத்துக்குப் போனார். முட்டி வலி அதிகமான வாரங்களில் ஏழுமலை செம்பாக்கம் வருவார், கையில் மீனோடு. மதியம் எனக்கு மிச்ச அப்பம் மறுபடி வர ஆரம்பித்தது. அக்காவுக்கு உடம்பும் தேறியது. கடல் தாண்டிப் போகாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். ரோஸ் அக்காவின் படத்தை அவர் எடுத்துப் பார்க்கும்போது அந்த நினைப்பு நிற்காது.

திங்கட்கிழமை சாமுவேல் அண்ணனின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தோம். மருத்துவமனைக்காரர்கள், தெருக்காரர்கள், ஏழுமலையின் மனைவி என்று கொஞ்சம் பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். தியோடர் ஐயாவுக்கு நான் செய்தி சொல்லியிருந்தேன். பார்க்க விரும்புகிறோம் என்றார். என் போனைப் பக்கத்துக் கல்லறைக் கல்லில் சாய்த்து வைத்தேன். அங்கே விளக்குப் போட்டிருந்தார்கள். எல்லோரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சாமுவேல் அண்ணனுக்கு எழுந்து நின்ற அதே ஆட்கள்.

பெட்டியை இறக்கியதும் ஏழுமலை எழுந்து நின்றார். அன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர், இப்போது குழியோரத்தில் தன்னந்தனியாக நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாக்கா குந்திகினு கீற? நீயும் அந்த அப்பத்தத் துன்னவதானே?"

"நான் ஊறுகாயோட இல்ல தின்னேன்..."

"எத்தோட துன்னா இன்னா? எந்திரு."

எழுந்து நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். மண் தள்ள ஆரம்பித்தார்கள். நான் போன் திரையைப் பார்த்தேன். யாராவது ஒருவர். ஒரே ஒருவராவது எழுந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். எழுந்ததும் தலை திரைக்கு மேலே போய்விட்டது. சாம்பல் நிற ஸ்வெட்டரும், ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்த இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தியோடர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். வேறு யாரும் எழவில்லை. குழி மூடும்வரை அந்த ஸ்வெட்டர் அசையவில்லை. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மண் மூடி முடிந்ததும் திரையிலிருந்து குரல் வந்தது. ரோஸ் அக்காவின் குரல்.

"ஏழுமலை, இருக்கியா?"

"கீறேன்க்கா."

"எழுந்து நின்னுட்டேன்பா. இனிமே இவங்களோட நான் உட்கார முடியாது. ஜெயமணி இடத்துக்கு நான் வரேன். கொஞ்ச நாள் பொறுத்துக்க."

ஏழுமலை தலையை ஆட்டினார். அந்தச் சின்னத் திரையில் அது தெரிந்திருக்குமோ என்னவோ.

கிளம்பும்போது வெள்ளைத் துண்டில் சுற்றிய அந்த அப்பத்தை அவர் என்னிடம் கொடுத்தார். பிட்காமலே இருந்தது. "நான் ஒண்டியா பிட்கக் கூடாது. வீணாவும் போவக் கூடாது. நீ துன்னுடுக்கா" என்றார். வீட்டுக்கு வந்து ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். ஒரு நாள் பழையதாகிக் காய்ந்து போயிருந்தது. அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன்.

தோசைக்கல் மறுபடி என்னிடம் வந்துவிட்டது. துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். ரோஸ் அக்கா வந்ததும் கொடுக்க வேண்டும்.

ஜெயமணி அக்கா, உங்கள் கூட்டத்தில் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்பி வராத போக்கு ஏழுமலைக்கு மட்டுமா, எனக்கும்தான் தெரியாது. போயிட்டு வாங்க.